பிரான்ஸ் மாமா கொண்டுவந்த கன்சோல்: மாட்டும் முன் செய்யக் கூடாதவை

பிரான்ஸில் சொந்தம் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் பிள்ளைகளுக்கு ஒரு கேம் கன்சோலும் வந்து இறங்கும். பிரித்த கையோடு கரண்டில் மாட்டுவதுதான் முதல் தவறு.

அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று இருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றால் பயமில்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் அடாப்டர் அப்படித்தான். 120 என்றோ 100–127 என்றோ மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் போடவே கூடாது. அமெரிக்காவில் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360, நிண்டெண்டோ வீ (Wii) கன்சோல்கள் எல்லாம் இந்த ரகம். கடலூரில் என் பெரியம்மா மகன் படிக்காமல் மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் ‘பட்’டென்று ஒரு சத்தம்; வீடு முழுக்க மீன் கருகிய நாற்றம். அடாப்டர் போனது, கன்சோல் பிழைத்தது. அதே மாடலுக்கு 230 வோல்ட் அடாப்டர் வாங்கிப் போட்டோம்.

“ஸ்டெபிலைசர் இருக்கே” என்பார்கள். அது ஏறி இறங்கும் கரண்டை 230ஐ ஒட்டி நிறுத்துமே தவிர, 110க்கு இறக்காது. அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதுவும் அடாப்டர் இழுக்கும் வாட்டைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக.

பிரான்ஸிலும் 230 வோல்ட்தான். ஆனால் அந்த ஊர் பிளக் நம் சாக்கெட்டில் நுழையும், இறுகாது. லொடலொடவென்று ஆடினால் பொறி பறக்கும், சாக்கெட் சூடேறும். ஒயர் தனியாகக் கழல்கிற கன்சோல் என்றால், நம் ஊர் பிளக் வைத்த ஒயராக மாற்றிவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது நாட்டை யோசித்துப் போடுங்கள். பிறகு மாற்ற முடியாது. பிரான்ஸ் என்று போட்டால் கடை யூரோவில் திறக்கும், நம் கார்டை ஏற்காமல் போகலாம். பிளேஸ்டேஷன் 4, 5 (பிஎஸ்4, பிஎஸ்5) கேம் டிஸ்க் எந்த நாட்டதும் ஓடும். அதற்கான டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி, மட்டும் டிஸ்க்கின் நாட்டுக் கணக்கில்தான் பொருந்தும். படம் பார்க்கும் டிவிடி வேறு கதை: அதற்கு நாட்டைப் பொறுத்து ஒரு ரீஜியன் எண் உண்டு, பிரான்ஸுக்கு 2, இந்தியாவுக்கு 5; எண் பொருந்தாவிட்டால் ஓடாது.

விலை குறைவென்று ஜப்பானிலிருந்து நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வரவழைக்கிறவர்களும் உண்டு. 2025 ஜூனில் 49,980 யென்னுக்கு வந்த அந்தப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே. ஜப்பான் கணக்கைத்தான் ஏற்கும்.

வாங்கிய நாட்டு வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் கரையில்தான் ஏறியது. அப்படி ஒரு இரவில் கரண்ட் போனால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும் கரண்ட் எகிறிக்கொண்டு வரும். விளக்குகள் நிதானமாக எரியும் வரை மாட்ட வேண்டாம்.