மூன்றும் மூன்றும் மூன்றும் ஒன்பது ஆகாது: தாய்லாந்தில் வாடகைத் தொழில் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். சியாங் மாயில், பழைய நகரத்து அகழிக்கு வெளியே நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக மாத வாடகைக்கு விடப்போகிறானாம். கையோடு ஒப்பந்தத்தையும் கொண்டுவந்திருந்தான். "ஒன்பது வருஷம் பேசி முடிச்சிட்டேன் அண்ணே" என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். 3+3+3 என்று எழுதி, சுற்றிலும் நீல மையில் வட்டம் போட்டிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே ஊரில், அதே மாதிரிக் கட்டடத்துக்கு, அதே வட்டத்தை நானும் ஒரு காலத்தில் போட்டவன்.

விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொள், கொஞ்சம் தாய்லாந்து மொழி கற்றுக்கொள், வாடகை நிலவரத்தை நாலு பேரிடம் விசாரி என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெயருக்கு ஒரு பங்குதாரர்

1999-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டப்படி, அறை வாடகை, வண்டி வாடகை போன்ற சேவைத் தொழில்களை வெளிநாட்டவர் தனி உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. அதனால் பெரும்பாலோர் கம்பெனி தொடங்கி, 49 சதவீதத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு 51 சதவீதத்தைத் தாய்லாந்துக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். இதுவரை தவறில்லை. ஒரு பாத் கூடப் போடாத ஆட்களைக் கையெழுத்துக்கு மட்டும் பிடித்துவருவதுதான் தவறு.

எனக்கும் ஓர் அலுவலகம் இதைச் சகஜமாகச் சொன்னது. "பங்குதாரர்களை நாங்களே ஏற்பாடு செய்துவிடுவோம்" என்றார்கள். யார் என்று கேட்டால், வாசலில் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர்களுடைய டிரைவரைக் கைகாட்டினார்கள். அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாத் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மாட்டினால் நீங்கள் மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட அந்த டிரைவரும் சேர்ந்தே மாட்டுவார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். உண்மையாகவே பணம் போடும் ஒருவர் கிடைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

முதலாளிதானே என்று துடைப்பத்தை எடுப்பது

கம்பெனி உங்களுடையதாக இருக்கலாம். அதில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு தனியாக வேண்டும். அது இல்லாமல் வரவேற்பு மேஜையில் சாவி எடுத்துக் கொடுத்தாலும் வேலைதான். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம் கட்டிவிட்டு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்தச் சீட்டையும் விசா நீட்டிப்பையும் வாங்கப் பொதுவாகக் கேட்பது, ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாத் செலுத்திய மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும்.

எட்டு அறைக்கு நான்கு ஊழியர்களா? ஆமாம். கணக்கு உதைக்கிறதல்லவா? அதைக் கட்டடம் பார்க்கப் போகும் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் அறைகளோடு பதினைந்து ஸ்கூட்டர்களையும் வாங்கி நிறுத்தியது ஆசைப்பட்டு அல்ல, நாலு பேர் சம்பளத்துக்கு.

பதிவு செய்யாத நீண்ட குத்தகை

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதுகூட எரிச்சலாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

தாய்லாந்தின் சிவில் வணிகச் சட்டத் தொகுப்பில் 538-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டடத்தையோ நிலத்தையோ மூன்று ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு எடுத்தால், எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, நில அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தக் குத்தகை மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும். நீங்கள் ஒன்பது என்று எழுதியிருந்தாலும், முப்பது என்று எழுதியிருந்தாலும் அவ்வளவுதான்.

இதைத் தாண்ட எல்லோரும் கண்டுபிடித்த குறுக்குவழிதான் 3+3+3. முதல் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம், அப்புறம் இரண்டு முறை நீட்டிப்பதாக ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி, கொடுத்தவரை மட்டுமே கட்டும். நடுவில் கட்டடம் வேறொருவர் பெயருக்குப் போனால், புதிய உரிமையாளர் நடப்பில் இருக்கும் குத்தகையை மதித்தாக வேண்டும், ஆனால் பழையவர் சொன்ன நீட்டிப்பை மதிக்க வேண்டியதில்லை.

என் கட்டடம் கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாக ஒட்டிக் கட்டும் வகை. துக் தேவ் என்பார்கள் இங்கே. உரிமையாளர் எழுபது வயது அம்மா. மாதம் 25,000 பாத் வாடகை. பதிவு செய்யலாமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே "மாய் பென் ராய்" என்றார். பரவாயில்லை, அதெல்லாம் எதற்கு என்று அர்த்தம். கூடவே ஒரு தட்டு மாம்பழமும் வந்தது. நான் உயிரோடு இருக்கும்வரை நீ இங்கேதான் என்றும் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. பதிவு செய்தால் வாடகைத் தொகை அரசாங்கத்தின் கண்ணில் படும், வரி கட்ட வேண்டிவரும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம் என்று எனக்கு ரொம்பப் பிறகே புரிந்தது.

பதிவுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? மொத்தக் குத்தகைக் காலத்து வாடகையில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம், 0.1 சதவீதம் முத்திரை வரி. ஒன்பது ஆண்டுக்கு வாடகை 27 லட்சம் பாத். அதில் 1.1 சதவீதம் 29,700 பாத். அந்த 29,700 பாத்தை மிச்சப்படுத்திவிட்டு, 6 லட்சத்துக்கு மேல் செலவழித்து எட்டுக் குளியலறை கட்டினேன். அடர் பச்சை டைல்ஸ், ஒவ்வொன்றிலும் வெந்நீர் ஹீட்டர், கூரையில் புதிய தண்ணீர்த் தொட்டி. ஒன்பது வருடத்தில் எடுத்துவிடலாம் என்பது கணக்கு.

இரண்டாம் ஆண்டில் அந்த அம்மா கட்டடத்தை மகன் பெயருக்கு மாற்றிவிட்டார். எனக்குத் தெரிந்ததே, வாடகை போடும் வங்கிக் கணக்கு எண் மாறியபோதுதான். மகனும் ஒன்றும் கெட்டவர் இல்லை. மூன்றாம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வந்தார், ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தார், ஒரு குளியலறையில் ஹீட்டரைப் போட்டு வெந்நீர் வருகிறதா என்று கை நீட்டிப் பார்த்தார். "ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார். அடுத்த வாரம், நீட்டிக்கவில்லை என்று கடிதம் வந்தது.

வழக்கறிஞரிடம் ஓடினேன். ஆங்கிலப் பிரதியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாய்லாந்து மொழிப் பிரதியைப் படித்தார். ஆங்கிலத்தில் "நீட்டிக்கப்படும்" என்று இருந்தது, தாய்லாந்து மொழியில் "நீட்டிக்கலாம்" என்றுதான் இருந்தது. முரண் வந்தால் தாய்லாந்து மொழிப் பிரதியே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வேறு. அதற்கும் கீழேதான் என் கையெழுத்து. "இது சரியாக இருந்திருந்தாலும் மகனை இது கட்டாது" என்றார் அவர். கட்டடத்தோடு பொருத்தியதெல்லாம் உரிமையாளருக்கே என்று இன்னொரு வரி இருந்ததால், டைல்ஸ், ஹீட்டர், தொட்டி எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. என்னோடு வந்தவை மெத்தைகளும் ஸ்கூட்டர்களும்தான்.

என்ன செய்திருக்க வேண்டும்? சனோட் என்று சொல்லும் நிலப் பட்டாவைக் கேட்டு வாங்கி, முன்பக்கத்துச் சிவப்புக் கருட முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், திருப்பிப் பின்பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். அடமானம், விற்பனை, குத்தகை எல்லாம் வரிசையாக அங்கேதான் பதிவாகும். வங்கியில் அடமானம் இருந்தால், வங்கியின் சம்மதம் இல்லாமல் உங்கள் குத்தகை அங்கே ஏறாது. அப்புறம் உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், உங்கள் குத்தகை அந்தப் பட்டியலில் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏறிவிட்டால் மகன் வந்தாலும் பேரன் வந்தாலும் அசைக்க முடியாது. அதிகபட்சம் 30 ஆண்டு வரை இப்படிப் பதியலாம். கட்டணத்தை யார் கட்டுவது என்று சண்டை வந்தால் முழுவதையும் நீங்களே கட்டிவிடுங்கள். உரிமையாளர் எப்படியும் வர மறுக்கிறாரா? மூன்று ஆண்டுக்கே எடுங்கள், மூன்று ஆண்டில் திரும்பக்கூடிய அளவுக்கே செலவழியுங்கள். பெயின்ட் அடிக்கலாம். குளியலறை கட்டாதீர்கள்.

இன்னொன்று: அறைகளை உள்வாடகைக்கு விடலாம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் விட முடியாது. உங்கள் தொழிலே உள்வாடகைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாடகையில் 5 சதவீதம்

கம்பெனி பெயரில் வாடகை கொடுத்தால், அதில் 5 சதவீதத்தைப் பிடித்து வரித் துறைக்குக் கட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. உரிமையாளரோ "எனக்கு 25,000 முழுசாகக் கையில் வர வேண்டும்" என்பார். அப்போது அந்த 5 சதவீதம் உங்கள் தலையில் விழும். வாடகை பேசும்போதே, பிடித்தம் போகவா, சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, மூன்று வருடம் கட்டினேன்.

மாத அறையை நாள் வாடகைக்கு விடுவது

அறை காலியாகக் கிடக்கிறதே, ஒரு வாரத்துக்கு விட்டால் என்ன என்று கை அரிக்கும். மாதத்துக்குக் குறைவாக விட்டால் 2004-ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டம் வந்துவிடும். சிறிய இடங்களுக்கு விலக்கு உண்டு, 2023-இல் அதை 8 அறை, 30 விருந்தினர் வரை உயர்த்தினார்கள். ஆனால் விலக்குக்கும் முறையாகத் தெரிவிக்க வேண்டும், சும்மா இருந்தால் அது விலக்கு ஆகாது. உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 20,000 பாத் வரை அபராதம், அல்லது இரண்டும், அதற்கு மேல் நடத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 பாத் வரை. போலீஸ் தானாக வராது, பக்கத்து ஹோட்டல்காரர் ஃபோன் போட்ட பிறகு வரும்.

டிஎம் 30

வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையிடம் தெரிவியுங்கள், அதற்கான படிவம்தான் டிஎம் 30. ஞாயிற்றுக்கிழமையும் நாள்தான்.

ஸ்கூட்டருக்குப் பாஸ்போர்ட்டை அடமானமாக வாங்குவது

வாங்காதீர்கள். அது வந்தவருடையதுகூட இல்லை, அவர் நாட்டு அரசாங்கத்துடையது.

கட்டாயக் காப்பீட்டை நம்புவது

பொ ரொ பொ என்று சொல்லும் கட்டாயக் காப்பீடு ஆளுக்கு அடிபட்டால் மட்டும் கொடுக்கும், நொறுங்கிய வண்டிக்கு ஒரு பாத் தராது. தனியாக எடுக்கும்போதும் வாடகைக்கு விடும் வண்டி என்று சொல்லியே எடுங்கள்.

பன்னிரண்டால் பெருக்குவது

நவம்பரில் வந்து பார்ப்பவர்கள் செய்யும் தவறு இது. லோய் கிரதோங் திருவிழா விளக்குகள் மிதக்கும், அறைகள் நிறைந்து வழியும், மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கனவு காண்பார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை இந்த ஊரின் மேல் இறங்கும். தோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாது. குடியிருப்பவர்கள் இருமிக்கொண்டே தெற்கே தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். என் எட்டு அறையில் ஒரு மார்ச்சில் இரண்டுதான் நிறைந்திருந்தன, அதில் ஒன்றில் இருந்தது நான். ஒன்பது மாதத்தால் பெருக்குங்கள்.

அந்தத் தம்பி விஷயம். நீல வட்டத்தை நான் அடிக்கச் சொன்னபோது முகம் சுண்டிப்போனான். "ரொம்ப நல்ல ஓனர் அண்ணே" என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தான், ஓனர் நில அலுவலகத்துக்கு வர ஒத்துக்கொண்டாராம், கட்டணம் முழுவதும் இவன் தலையில், வெள்ளிக்கிழமை போகிறார்களாம். சனோட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வெள்ளி போய் இன்று திங்கள், இன்னும் படம் வரவில்லை.