சால்மன்: மீன் பெயரில் வழுக்கும் இடங்கள்

தமிழில் 'சால்மன்' என்று 'ல்' ஒலிக்கவே சொல்கிறோம். ஆங்கிலேயர் அதை விழுங்கி 'சாமன்' என்கிறார்கள். சொல் பிரெஞ்சு வழியாக அவர்களிடம் வந்தபோது அந்த 'ல்' தேய்ந்துபோயிருந்தது. பிறகு லத்தீன் 'சால்மோ'வை நினைத்து எழுத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்துப் பழைய ஒலிப்பை ஊகிக்கக் கூடாது.

'சால்மோ' என்றால் துள்ளுவது, 'சாலிரே' (துள்ளு) என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது என்று பல இடங்களில் உறுதியாக எழுதியிருப்பார்கள். அருவியைத் தாவி ஏறும் மீனுக்கு அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே சந்தேகப்பட வேண்டும். லத்தீன் பேசிய ரோமரின் மத்தியதரைக் கடலில் சால்மன் இயற்கையாகக் கிடையாது. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பற்றி எழுதும்போதும் அக்விதானியா, அதாவது இன்றைய தென்மேற்கு பிரான்சின் ஆற்று மீன் என்றே குறிப்பிடுகிறார். மீனோடு பெயரும் அப்பகுதியில் வாழ்ந்த கௌல் மக்களிடமிருந்தே வந்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து.

பெரிய சறுக்கல் வடக்கே நடந்தது. ஜெர்மனிலும் ஸ்வீடிஷிலும் 'லாக்ஸ்', லித்துவேனியனில் 'லாஷிஷா', ரஷ்யனில் 'லசோஸ்'. இத்தனை மொழிகளில் ஒரே வேர் இருப்பதைக் கண்ட அறிஞர்கள், சால்மன் பால்டிக், வட கடல் பக்கத்து ஆறுகளில்தானே ஏறுகிறது, ஆகவே இம்மொழிகளுக்கெல்லாம் மூலமான மொழியைப் பேசிய இந்தோ-ஐரோப்பியரின் தாயகமும் அங்கேதான் என்று வாதிட்டார்கள். பெயர் மாறாவிட்டால் அது சுட்டும் மீனும் மாறாது என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். இன்றைய மேற்குச் சீனாவின் தாரிம் பள்ளத்தாக்கில் வழங்கி அழிந்த, அதே மொழிக்குடும்பத்துத் தொக்காரிய மொழியில் 'லக்ஸ்' என்பது வெறும் 'மீன்' என்று தெரிந்ததும் அது ஆட்டம் கண்டது. 1985-இல் மொழியியலாளர் ரிச்சர்ட் டீபோல்ட், அந்த வேர் முதலில் கருங்கடல், காஸ்பியன் பக்கத்து ஆறுகளின் டிரவுட் என்ற, சால்மனுக்கு உறவான மீனைக் குறித்திருக்கும் என்றார். மக்கள் இடம்பெயர்ந்தபோது, கண்ணில் பட்ட புது மீனுக்குப் பழைய பெயரை வைத்துவிட்டார்கள். எனக்கு இந்த விளக்கமே ஏற்புடையதாகப் படுகிறது.

இதே வேரை வைத்து இன்னொரு கதையும் சுற்றுகிறது: ஆங்கிலத்தின் 'லாக்ஸ்' எட்டாயிரம் ஆண்டுகளாக மாறாத சொல்லாம்! பழைய ஆங்கிலத்தில் 'லேயக்ஸ்' இருந்தது உண்மை, அது வழக்கொழிந்துவிட்டது. இன்று ரொட்டியின் மேல் வைத்துத் தின்னும் உப்பிட்ட 'லாக்ஸ்', யூதக் குடியேறிகளின் இத்திஷ் மொழியிலிருந்து அமெரிக்காவில் வாங்கிய கடன்.

அகராதியில் பெயரைப் பார்த்து மீனை முடிவுசெய்வதும் ஆபத்து. பிளினி 'ஈசாக்ஸ்' என்றது ரைன் நதியின் ஒரு பெருமீனை. வேல்ஷ் மொழியில் சால்மனைக் குறிக்கும் 'எயோக்' அதன் உறவுச்சொல். விலங்கியலில் இன்று ஈசாக்ஸ் என்பதோ பைக் என்ற வேறொரு நன்னீர் மீனின் பேரினம். நம் கடைகளில் காலா மீன் 'இந்தியன் சால்மன்' ஆனதும் இதே கூத்துதான். அதற்கும் சால்மன் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.