சுண்டெலிக் குரோமோசோம்களில் இணைவைக் கண்டறிவதும் அதன் பூர்வீகத்தைத் தேடுவதும்

மேற்கு ஐரோப்பியச் சுண்டெலிக்கு வழக்கமாக 40 குரோமோசோம்கள். எல்லாவற்றிலும் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடம்) ஒரு நுனியில்தான் இருக்கும்; அதிலிருந்து ஒரே ஒரு கை நீளும். இரண்டு குரோமோசோம்கள் அந்த நுனியில் ஒட்டிக்கொண்டால் இரு கைகள் உள்ள ஒன்று உருவாகும். இதற்கு ராபர்ட்சோனியன் இணைவு என்று பெயர். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் ஏழு இணைவுகள் நிலைத்துவிட்டதால் எண்ணிக்கை 26 ஆகக் குறைந்தது.

விலங்கு ஆய்வு அனுமதி கையில் வந்தபின் தொடங்குங்கள். எலியின் எடைக்கேற்ப, கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற அளவில் கோல்ச்சிசின் (செல் பிரிவைப் பாதியில் நிறுத்தும் மருந்து) செலுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். அதிக நேரம் விட்டால் குரோமோசோம்கள் சுருங்கி, சாயமிட்டால் தெரிய வேண்டிய குறுக்குப் பட்டைகள் ஒன்றாகிவிடும். தொடையெலும்பு மஜ்ஜையை 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் (லிட்டருக்கு 5.6 கிராம்) கழுவி எடுத்து, 37 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு செல்களை நிலைநிறுத்தும் கரைசல்: மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. இதை அன்றன்றே கலக்க வேண்டும்; முதல் சில துளிகளைக் குழாயை ஆட்டியபடியே விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் செல்கள் கட்டிதட்டிவிடும். மூன்று முறை கரைசலை மாற்றி, கண்ணாடியில் சொட்டுங்கள். சில நாள் உலரவிட்டு டிரிப்சின் நொதி, ஜீம்சா சாயம் கொடுத்தால் ஒவ்வொரு குரோமோசோமையும் அடையாளம் காட்டும் பட்டைகள் தெரியும்.

எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். கைகளை எண்ணுங்கள் (இணைந்ததற்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று): 40 வர வேண்டும். 39 குரோமோசோம்களில் ஒன்று இரு கை உள்ளது என்றால் எலி கலப்பு நிலையில் இருக்கிறது, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இணைவு வந்திருக்கிறது. 38-இல் இரு கை உள்ளது எதுவுமே இல்லை என்றால் சொட்டும்போது இரண்டு தொலைந்திருக்கின்றன. நுனியோடு நுனி தற்செயலாகக் கிடக்கும் இரண்டும் இணைவு போலவே தோன்றும். அதனால் ஒரு எலிக்கு 20 செல்களாவது பாருங்கள்.

பூர்வீகம் தேடும்போதுதான் பலர் வழுக்குவார்கள். போஸ்கியாவோவில் உள்ள 1.3, 4.6 (1-ஆம் குரோமோசோம் 3-உடனும், 4-ஆவது 6-உடனும் இணைந்தவை) போல எந்தக் கையோடு எந்தக் கை சேர்ந்தது என்பதே முக்கியம். ஆனால் இரண்டு ஊர்களில் 1.3 கிடைத்தால் ஒரே மூதாதை என்று சொல்லிவிட முடியாது. இந்த எலிகளின் சென்ட்ரோமியர்களில் 120 எழுத்து நீளமுள்ள ஒரே மாதிரியான டிஎன்ஏ திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே முறிவு ஏற்பட்டால் எதனோடும் எது சேரலாம், அதே சேர்க்கை தனித்தனியாகவும் நிகழலாம். ஏற்கெனவே இணைந்தவை கைகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. பல இணைவுகள் சேர்ந்தே பொருந்தினால்தான் உறவுக்குச் சான்று வலுக்கிறது.

ஓர் இனத்தில் 1.3, இன்னொன்றில் 1.10 என்று ஒரு கை மட்டும் பொதுவாக இருந்தால், கலப்பினத்தின் குன்றல் பிரிவில் (விந்தும் முட்டையும் உருவாகும் செல் பிரிவு) அவை சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். சங்கிலி நீளமானால் பிரிவு பிழைத்து மலட்டுத்தன்மை வரும். தனி இணைவு ஒன்றுக்கு அந்த அளவு பாதிப்பு இருக்காது.