வள்ளத்தில் தீவுப்பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத் தீவுகளில் சனம் கூடுவது ஆடி, ஆவணியில். நல்லூர்த் திருவிழா, பள்ளி விடுமுறை, வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் எல்லாம் அப்போதுதான். பூநாரை (பிளமிங்கோ) பார்க்க நினைப்பவருக்கு அது உதவாத காலம். வலசைப் பறவைகள் வாடைக் காற்றோடு வந்து பங்குனி, சித்திரைக்குள் திரும்பிவிடும். ஆவணியில் அடிக்கும் தென்மேற்குக் காற்றான சோளகத்தில் நெடுந்தீவுக் கடலும் குழம்பிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் பறவைகள் உண்டு. மழையும் தாழமுக்கமும் கூடவே உண்டு. தைப்பொங்கல் கழிந்து பங்குனி வரைதான் பறவையும் கடலும் ஒத்துவரும்.

நாளைச் சரியாகத் தெரிந்தவர்களும் நேரத்தில் பிழை விடுகிறார்கள். ஆறுதலாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்கு வள்ளம் ஏறினால், ஆழமில்லாத பரவைக்கடலின் மேல் கானல் ஆடத் தொடங்கியிருக்கும். எந்தத் தொலைநோக்கியாலும் அதைத் தெளிவாக்க முடியாது. விடிய 6 மணிக்கே மண்டைதீவுப் பக்கம் தண்ணீரில் இருங்கள். சூரியன் முதுகில் இருக்க மேற்கே பாருங்கள்.

ஆகப் பெரிய பிழை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்வது. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே கிடக்க, சேற்றுத் தண்ணீரை வடித்துத்தான் இரை எடுக்கும். கூட்டத்தில் நாலைந்து கழுத்து நிமிர்ந்து நிற்பது வழமை, அவை காவல். எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து, எல்லாம் ஒரே திசைக்கு நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். அடுத்தது சிறகுதான். அந்த உடம்பு தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்ப வேண்டும். நாலு படத்துக்காக அதன் காலைச் சாப்பாடு போய்விடும். எங்கள் கணக்கில் 200 மீற்றருக்கு முன்பே எஞ்சினை நிறுத்த வேண்டும். எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. பூநாரை காற்றை எதிர்த்தே எழும்பும். காற்று வரும் பக்கத்தில் நின்றால் அதன் வழியை அடைத்துவிடுவீர்கள், வள்ளமும் கூட்டத்துக்குள்ளேயே மிதந்து போகும். காற்றுப் போகும் பக்கத்தில் நில்லுங்கள்.

ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை ஓட்டச் சொல்லாதீர்கள். எஞ்சினின் காற்றாடி கடற்புல்லை வேரோடு அறுக்கும், தண்ணீரும் கலங்கும். கடற்பசுவும் பேராமையும் மேய்வது அந்தப் புல்லைத்தான். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றிப் போகட்டும். மீன் பிடிக்கக் கடலில் நட்டிருக்கும் சிறகுவலைக் கம்புகளில் ஆலாவும் நீர்க்காகமும் வரிசையாக இருப்பதைக் கண்டதும் உள்ளே விடச் சொல்பவர்களும் உண்டு. வள்ளம் பட்டு அறுவது வலை மட்டுமல்ல, ஒருவரின் அன்றாட உழைப்பு.

தொலைநோக்கி 10 மடங்கு பெருக்கினால் நல்லது என்று நினைப்பதும் பிழை. கரையில் சரி, ஆடும் வள்ளத்தில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். 7 அல்லது 8 மடங்கு போதும். உப்புத் துளி பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடையுங்கள். ஏதாவது தெரிந்ததும் எல்லோரும் ஒரு பக்கம் எழும்பாதீர்கள், 18 அடி பைபர் வள்ளம் அதைத் தாங்காது. பாதுகாப்பு அங்கியைப் போட்டால் மட்டும் காணாது, பட்டியையும் பூட்டுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர் மருந்தை ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் அது வயிற்றில் நிற்காது.

நெடுந்தீவுக்கும் போவதானால், குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறும்போதே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். நெடுந்தீவில் திரியும் மட்டக்குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. பாண், பிஸ்கட் நீட்டினால் அவை ஆட்களைத் துரத்தப் பழகும், கடிக்கவும் செய்யும். கோடையில் இதைவிடக் கெடுதல், தண்ணீர் குடிக்கும் இடத்துக்கும் குதிரைகளுக்கும் நடுவில் வாகனத்தை நிறுத்துவது. நீங்கள் போகும் வரை அவை தாகத்தோடு தூரத்தில் நிற்கும். ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும். மதில்களில் அடுக்கியிருக்கும் முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்) ஒன்றை நினைவுக்கு எடுத்துவருவோம் என்று பையில் போடாதீர்கள். அந்த மதில்களில் சாந்து இல்லை, ஒரு கல்லை உருவினால் மேலே உள்ளதும் சரியும்.