கை வறண்ட நாட்களில் கால் மணி நேர வீட்டு ஜெபம்

குமரி மாவட்டத்தில் பணமுடை கடலுக்கும் மலைக்கும் ஒன்றாகவே வரும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மீன்பிடித் தடையால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது (சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14). அதே மாதங்களின் மழையில் ரப்பர் பால்வெட்டும் விட்டுவிட்டுத்தான் நடக்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அப்போதுதான். இந்த நாட்களில் ஜெபத்தை ஸ்தோத்திரத்தில் தொடங்கினால் வாய் சொல்லும், மனசு ஒட்டாது. முதலில் முறையிடுங்கள்.

ஜெபத்தின் வரிசைக்கு 13-ஆம் சங்கீதம் போதும் (கத்தோலிக்கருக்குத் திருப்பாடல் 13). மொத்தம் 6 வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று 4 முறை கேட்கிறது, அடுத்த இரண்டில் விண்ணப்பம். 'பாடுவேன்' என்பது கடைசி வசனத்தில்தான்.

40 பக்க நோட்டு ஒன்று எடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்காருங்கள். சாப்பிட்டபின் பிள்ளைகள் தூங்கி விழும். ஒருவர் சங்கீதத்தைச் சத்தமாக, மெதுவாக வாசிக்கட்டும். பிறகு இடப்பக்கத்தில் அன்றைய பாரம். 'கஷ்டம்' என்று மட்டும் எழுதினால் எதுவும் இறங்காது. 'வெள்ளிக்கிழமை குழுக்கடன் தவணை 1,150 ரூபாய், கையில் 400' என்று எழுதுங்கள். கேட்க வேண்டியது 750 ரூபாய் என்று அப்போதுதான் தெரியும். அதை மட்டும் கேளுங்கள்.

வலப்பக்கத்தில் அன்று நடந்த 3 நன்மை. 'ஜீவன், சுகம், பெலன்' என்றே எழுதினால் நாலாம் நாள் சலித்துவிடும். பக்கத்து வீட்டக்கா கொடுத்தனுப்பிய மரச்சீனிக் கிழங்கு, மழை விட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்த யூனிபார்ம் என்று எழுதலாம். 'அவங்களுக்கு நாம எவ்வளவோ மேல்' என்பதைச் சேர்க்காதீர்கள். அது அடுத்தவர் துன்பத்தில் குளிர்காய்வது.

எழுத வராத பாட்டிக்குப் பிடியரிசி இருக்கிறது. அரிசி களையும் முன்பே ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட வேண்டும். களைந்தபின் எடுத்தால் ஈரத்தில் பூத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு, அல்லது அதைவிட நெருக்கடியில் இருக்கும் வீட்டுக்கு.

சாவு நடந்த வீட்டில் வலப்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். 88-ஆம் சங்கீதம் வாசியுங்கள்; கடைசிவரை புலம்பல்தான். 2017 ஒக்கி புயலில் போனவர்களின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உள்ள மாவட்டம் இது. 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். வேதத்தில் எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு 7 நாள் பேசாமல் உட்கார்ந்ததுவரை சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு ஆக்கிவிடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நடு இரவென்றால் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஜெபம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

ஞாயிறு மாலை நோட்டைப் புரட்டி, தீர்ந்த பாரத்துக்கு நேரே தேதி போடுங்கள். தீராததை அடுத்த பக்கத்தில் அதே வார்த்தையில் மறுபடி எழுதுங்கள், அழகுபடுத்தாமல்.