ஓடும்போது இடுப்பின் முன்பக்கம் வலிக்கிறதா? இழுத்து நீட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

படியேறக் காலைத் தூக்கினால் தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பில் சுருக்கென்று ஒரு வலி. கார் கதவைத் திறந்து காலை உள்ளே எடுத்து வைக்கும்போதும் அதே இடம். ஓட ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் பிடித்து இழுக்கும், உடம்பு சூடானதும் காணாமல் போகும், வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் வட்டியோடு திரும்பி வரும். எனக்கு இப்படித்தான் தொடங்கியது. உடனே நான் செய்த காரியம், காலை மாலை என்று பார்க்காமல் அந்த இடத்தை இழுத்து இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்தது. ஆறு வாரம் போனது, வலி போகவில்லை.

ஏன் என்று புரிய அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பை மடக்கித் தொடையை மேலே தூக்குகிற ஹிப் ஃப்ளெக்சர் என்பது ஒற்றைத் தசை இல்லை. கீழ்முதுகு எலும்புகளிலிருந்து புறப்பட்டு இடுப்புக்குள் இறங்கி வருகிற சோயாஸ், இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து வருகிற இலியாகஸ், இந்த இரண்டும் சேர்ந்து தொடை எலும்பின் மேல்முனையில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். முன்னால் ரெக்டஸ் ஃபெமோரிஸ். முன்தொடையில் இருக்கும் நான்கு தசைகளில் இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டையும் தாண்டிப் போவது இது மட்டும்தான். ஓடும்போது பின்னால் போன காலை முன்னால் வீசிக்கொண்டு வருவது இந்தக் கூட்டம். வேகம் கூடினால், மேடு ஏறினால், வேலை சும்மா கொஞ்சம் கூடுவதில்லை, எகிறிவிடும். உங்கள் வலி எந்த வாரம் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் வேகப் பயிற்சியோ மேட்டு ஓட்டமோ புதிதாகச் சேர்ந்திருக்கும்.

இறுக்கமாக இருப்பதாகத் தோன்றுகிற தசை குட்டையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தாங்க முடியாத சுமையைத் தூக்கிக் களைத்த தசையும் அப்படித்தான் இறுகும். அதைப் போட்டு இழுத்தால் எரிச்சல்தான் கூடும். அதற்கு வேண்டியது பலம்.

தொடங்கும் முன்: இது தசைவலிதானா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தொடை இடுக்கில் வரும் வலி எல்லாமே தசைவலி இல்லை. காலை ஊன்றி நிற்கும்போதே ஆழத்தில் வலிக்கிறது, ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுத்திருக்கும்போதும் விடுவதில்லை என்றால் அது தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அதன் மேல் தொடர்ந்து ஓடினால் எலும்பு முழுதாக முறியவும் கூடும். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். மூட்டுக்குள் ஏதோ மாட்டிக்கொள்வது போல் இருந்தாலோ, இருமும்போது இடுக்கில் புடைப்பு தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஓடும்போது ‘டப்’ என்ற உணர்வோடு வலி வந்து நடக்கவே முடியாமல் போனாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே வலித்தாலும் அப்படியே, அவர்களுக்குத் தசை ஒட்டியிருக்கிற எலும்பு முனையே பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு.

படி 1: வலியைக் கிளறாமல் இருத்தல்

வலிக்கு 0 முதல் 10 வரை மனதுக்குள் மதிப்பெண் போடப் பழகுங்கள். 3 வரை வந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் போனாலும், மறுநாள் காலை எழும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருந்தாலும், நேற்று செய்தது அதிகம்.

ஓட்டத்தை நிறுத்திய பலர் ‘சும்மா இருக்க வேண்டாமே’ என்று வயிற்றுக்கு சிட்-அப், படுத்தபடி இரண்டு காலையும் தூக்குவது என்று இறங்கிவிடுவார்கள். இரண்டிலும் உழைப்பது நமது அதே தசைதான்! சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால் சீட்டை நன்றாக உயர்த்திக்கொள்ளுங்கள், தாழ்வான சீட்டில் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு அளவுக்கு மீறி மடங்கும். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வந்தால் போதும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடாது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவதற்குச் சமம் அது.

படி 2: அசையாமல் அழுத்துதல்

சாதாரணமாக நடக்கும்போது வலி அடங்கியதும் இதைத் தொடங்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வலிக்கிற பக்கத் தொடையின் மேல், முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு கையையும் வையுங்கள். தொடையை மேலே தூக்க முயலுங்கள், கை அதைத் தூக்க விடக்கூடாது. கால் துளிகூட அசையாது, ஆனால் தசை வேலை செய்யும். முழு பலமும் வேண்டாம், பாதி போதும். 30 விநாடி பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, 5 தடவை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மூச்சை அடக்காதீர்கள்.

பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். எனக்கும் நம்பிக்கை வரவில்லைதான், ஆனால் படியேறும்போது வரும் அந்தச் சுருக் முதலில் குறைந்தது இதில்தான்.

படி 3: பலம் ஏற்றுதல்

அசையாப் பயிற்சி சுலபமாகிவிட்டால் அசைவுக்கு வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும், நடுவில் தசைக்கு ஓய்வு வேண்டும்.

முதலாவது, பாட்டில் தாண்டுதல். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கைகளைப் பின்னால் ஊன்றுங்கள். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கி அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம். 8 தடவை, 3 சுற்று. உடம்பு பின்னால் சாய்ந்தால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். நன்றாக நிமிர்ந்தால் எட்டுக்குள்ளேயே நடுக்கம் வந்துவிடும்.

இரண்டாவது, உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டை இரண்டு பாதத்தையும் சுற்றி மாட்டி, மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் இடுப்புக்கு நேர் மேலே மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை மெதுவாக, மூன்று எண்ணுகிற நேரத்தில் நீட்டி, திரும்பக் கொண்டுவாருங்கள். மற்ற கால் நகரக் கூடாது, கீழ்முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. பக்கத்துக்கு 10, 3 சுற்று.

இதோடு குளூட் பிரிட்ஜ். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்குவது, அவ்வளவுதான். 12 தடவை, 3 சுற்று. பிட்டத் தசை சோம்பேறியாக இருந்தால் முன்பக்கம் பழையபடி மாட்டிக்கொள்ளும்.

ஸ்ட்ரெட்ச் செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் இப்போது செய்யலாம். வலிக்கிற பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வைத்து நிற்கும் பழைய ஸ்ட்ரெட்ச்தான். எல்லோரும் அதில் முதுகை வளைத்து உடம்பை முன்னால் தள்ளுவார்கள். இழுபட வேண்டிய தசைக்குப் பதில் கீழ்முதுகு நசுங்கும். வால் எலும்பை உள்ளே சுருட்டுவது போல் இழுத்து, ஊன்றிய பக்கப் பிட்டத்தை இறுக்கினாலே போதும், முன்னால் போகாமலேயே இழுவை தெரியும். 30 விநாடி, இரண்டு தடவை.

படி 4: மறுபடி ஓட்டம்

30 நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் காலையும் வலி இல்லை என்றால் ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், சமதரை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு தடவை சிக்கல் இல்லாமல் போனால் ஓட்டம் இரண்டு நிமிடம், நடை ஒரு நிமிடம் என்று மாற்றுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம், வலி வந்தால் எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாது.

இந்த நேரத்தில் நிமிடத்துக்கு இரண்டு காலும் சேர்த்து எத்தனை அடி வைக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். வலது கால் 30 விநாடியில் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 160 வந்தால், அதே வேகத்தில் 168 ஆக்கப் பாருங்கள், ஐந்து சதவீதம்தான். அடி சிறிதாகும், முன்னால் எட்டி வைப்பதும் பின்னால் கால் நீண்டு இழுபடுவதும் இரண்டும் குறையும். போனில் சீரான தாளத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கிற ஒரு மெட்ரோனோம் செயலி போட்டுக்கொண்டால் சுலபம், முதல் இரண்டு ஓட்டம் மட்டும் எலி ஓடுவது போல் ஓர் உணர்வு இருக்கும்.

லேசான பிடிப்பு என்றால் இது எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். என்னைப் போல் இழுத்துக் கெடுத்தவர்களுக்கு இரண்டு மாதம் கூட ஆகும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் துளி முன்னேற்றம் இல்லை என்றால் பிசியோவிடம் போங்கள். மேடும் வேகமும் கடைசியில்தான், அதுவும் 30 நிமிடம் நிற்காமல் ஓடி ஒரு வாரம் வலியில்லாமல் கழிந்த பிறகு, முதலில் நாலே நாலு சின்ன ஓட்டங்களாக. பாட்டிலை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள், வாரம் இரண்டு நாள் அதற்கு வேலை இருக்கிறது.