பிக்கப் கேம்பருக்குள் ஒரு சோபா கட்டில்: முதன்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிவைக்கும் கேம்பர்களில், அதாவது பயணத்தில் தங்கிக்கொள்ளும் சிறு அறைகளில், உள்ளே எதுவும் பொருத்தாத வெறும் கூடாகவே விற்கப்படும் வகை ஒன்று உண்டு. விலை குறைவு, எடை குறைவு, உள்ளே என்ன வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். அப்படி ஒரு கூட்டுக்குள் பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் பயன்படும் ஓர் இருக்கையை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன். தச்சு வேலையில் பழக்கம் இல்லாதவர்களும் ஒரு துளைப்பான், ஒரு ரம்பம், மூலைமட்டம், பசை, திருகு ஆகியவற்றோடு செய்துவிடலாம்.

மரத்தைத் தொடுவதற்கு முன் மெத்தையை முடிவு செய்யுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உட்காரும் மெத்தையின் அகலமும் முதுகுச் சாய்வு மெத்தையின் உயரமும் சேர்ந்ததுதான் கட்டிலின் அகலம். 22 அங்குலமும் 18 அங்குலமும் சேர்ந்து 40. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் இரவில் எந்த மெத்தையும் மிஞ்சாது, இடுக்கும் விழாது. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மிஞ்சிய மெத்தையை எங்கே வைப்பது என்று ஒவ்வோர் இரவும் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது இடம். பெரிய பிக்கப்பின் சரக்குத் தளத்தில், சக்கரங்களுக்கு மேலே எழும்பி நிற்கும் மேடுகளுக்கு இடையே 48 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும். 48 அங்குல அகலமுள்ள முழு பிளைவுட் பலகையைப் படுக்க வைத்தே ஏற்றலாம் என்பது அதனால்தான். கேம்பரின் சுவர்த் தடிமன் போக உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்பதை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களில் அளந்து, இருப்பதில் சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஒட்டுத்தாளில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கேம்பரே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அதனால் முக்கால் அங்குல பிளைவுட்டை விட்டுவிட்டு அரை அங்குலத்தில் செய்யுங்கள். பலம் பலகையின் தடிமனில் இல்லை, கட்டைகளை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

அமைப்பு இதுதான்: இருக்கையின் மேல்தளம் ரீப்பர் என்னும் மெல்லிய கட்டைகளால் ஆனது. ஒன்றுவிட்டு ஒன்று நிலையாக நிற்கும், மற்றவை இரவில் முன்னே இழுபட்டுக் கட்டிலாகும். ரீப்பருக்கு 1×3 பைன் மரம் போதும். கடையில் பெயர்தான் 1×3. கையில் வருவது ¾ அங்குலத் தடிமனும் 2½ அங்குல அகலமும். வளைந்த கட்டையைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். 22 அங்குல நீளத்தில் 27 துண்டுகள் வெட்டுங்கள். அவற்றில் 14 நிலையானவை, 13 நகர்பவை. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ⅛ அங்குல இடைவெளி விட்டால் மொத்தம் 70¾ அங்குலம் வரும்.

இப்போது பெட்டி. அரை அங்குல பிளைவுட்டில் 14 அங்குல உயரம், 21¼ அங்குல ஆழத்தில் இரண்டு பக்கப் பலகைகள். அவற்றுக்கு நடுவே 70¾ அங்குல நீளத்தில் ஒரு பின்கட்டையும் ஒரு முன்கட்டையும், இரண்டும் 1×4 மரம். இவற்றின் மேல்விளிம்பு தரையிலிருந்து 13¼ அங்குலத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் இரு முனைகளிலும் நடுவிலுமாக மூன்று கால்கள், 9¾ அங்குல உயரத்தில். கட்டை திருகில் தொங்கக் கூடாது, காலின்மேல் உட்கார வேண்டும். நடுக்கால்கள் இரண்டையும் ஒரு நடுப்பலகையால் இணையுங்கள். அதன் உயரம் 12¼ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஏன் என்பது சற்றுப் பின்னால் தெரியும்.

நிலையான 14 ரீப்பர்களைப் பின்கட்டையிலும் முன்கட்டையிலும் பசை தடவித் திருகுங்கள். அவை முன்பக்கம் ¾ அங்குலம் நீண்டு நிற்கும், நகரும் பகுதியின் முன்கட்டை அதன் அடியில் வந்து உட்காரும். முதல் ரீப்பரும் கடைசி ரீப்பரும் நிலையானவையாகவே இருக்க வேண்டும். இடைவெளிக்கு ⅛ அங்குல ஹார்ட்போர்டுத் துண்டுகளைச் செருகி, நடுவில் நகரும் ரீப்பரையும் திருகாமல் வைத்துப் பார்த்தபடியே போங்கள். முனைக்கு அருகே திருகும்போது பைன் பிளந்துவிடும், முதலில் துளையிடுங்கள்.

நகரும் பகுதிக்குத் தனியாக ஒரு 1×4 முன்கட்டை. அதன் மேல்விளிம்பில் 13 ரீப்பர்களையும் பசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. அதன் முன்முகத்தில் 4 அங்குல அகலம், 13¼ அங்குல உயரமுள்ள மூன்று பிளைவுட் கால்களை ஒட்டித் திருகி, அடியில் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். தரையில் வழுக்கிக்கொண்டு வருவது இந்தக் கால்கள்தான்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. நகரும் ரீப்பர்களை இடைவெளிகளில் இறக்கி, முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள். பிறகு கீழே குனிந்து, அவற்றின் பின்முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, 1×2 கட்டை ஒன்றை இருக்கையின் நீளவாக்கில், தட்டையாக அடிப்பக்கத்தில் திருகுங்கள். நகரும் ரீப்பர்களில் மட்டும். இந்தத் தடுப்புக் கட்டை இரண்டு வேலை செய்கிறது: பின்முனைகளை வரிசையில் பிடித்துக்கொள்கிறது, இழுக்கும்போது சரியாக 18 அங்குலத்தில் பெட்டியின் முன்கட்டையின் உள்முகத்தில் மோதி நிறுத்துகிறது. அப்போதும் ரீப்பரின் பின்முனை அந்த முன்கட்டையைத் தாண்டி உள்ளே 2½ அங்குலம் இருப்பதால் கவிழாது. நடுப்பலகையை உயரம் குறைத்து வெட்டச் சொன்னது இந்தக் கட்டை அதன் மேலே ஓட வேண்டும் என்பதற்காகத்தான். ரீப்பர்களின் பக்கவாட்டில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஒற்றைக் கையால் இழுக்கலாம். மழைக்காலத்தில் மரம் உப்பும். ⅛ அங்குலத்தைக் குறைக்க ஆசைப்படாதீர்கள்.

பக்கப் பலகைகளை எல் வடிவத் தகடு வைத்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சுவரில் கண்ணை மூடிக்கொண்டு திருக வேண்டாம். உள்ளே அலுமினியச் சட்டம் எங்கே போகிறது, மின்கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த பிறகே சுவரைத் தொடலாம்.

மெத்தைக்கு 4 அங்குலத் தடிமனில் அடர்த்தியான ஃபோம், இரண்டு துண்டுக்கும் அதே தடிமன். இரவில் இருக்கையை இழுத்தால் உட்காரும் மெத்தை அதோடு முன்னே வரும். பின்னால் உண்டாகும் இடத்தைச் சாய்வு மெத்தை நிரப்பும். விரித்த நிலையில் ரீப்பர்களுக்கு நடுவே 2¾ அங்குல இடைவெளி தெரியும். அந்த இடைவெளி நல்லது. குளிர்ப் பிரதேசத்தில் நம் உடல் ஈரம் மெத்தையின் அடியில் குளிர்ந்து நீராகிவிடும். மூடிய பலகைமேல் மெத்தை போட்டால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். காற்று போக வழி இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

மெத்தை உறைக்கு அளவு கொடுப்பதற்கு முன், விரித்த கட்டிலின் முன்விளிம்பில் இருவர் உட்கார்ந்து பாருங்கள். கிறீச்சிட்டால் கால்களின் திருகை இறுக்குங்கள். ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று பொருள், மெல்லிய துண்டு ஒன்றை அடியில் ஒட்டினால் போதும். 40 அங்குலம் ஒரு பெரியவருக்குத் தாராளம், தாயும் குழந்தையும் படுக்கலாம், இரண்டு பெரியவர்களுக்கு நெருக்கடி. வண்டி ஓடும்போது இதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். இடுப்புப் பட்டை தாங்கும் இருக்கை அல்ல இது. ஓட்டப் புறப்படுமுன் நகரும் பகுதியை உள்ளே தள்ளி ஒரு கொக்கியால் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வளைவிலேயே தானாக விரிந்துகொள்ளும்.